வீட்டு வைஃபையும் எல்லோருக்குமாக ஒரு பிரிண்டரும்: மட்டக்களப்பு வீடுகளிலிருந்து வரும் கேள்விகள்

கல்லடி, ஆரையம்பதி, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி என்று தெரிந்தவர்களின் வீடுகளுக்குப் போய் வைஃபையும் பிரிண்டரும் பொருத்திக் கொடுத்த அனுபவத்தில் எழுதுகிறேன். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். "பிரிண்டர் பழுது" என்றுதான் பெரும்பாலும் அழைப்பு வரும். போய்ப் பார்த்தால் பிரிண்டர் நலமாக இருக்கும். வீட்டு வலையமைப்பில் அதற்கு நிலையான முகவரி இருக்காது, அல்லது வீட்டாருக்குத் தெரியாமலே வீட்டில் இரண்டு வலையமைப்புகள் ஓடிக்கொண்டிருக்கும். இந்த இரண்டையும் சீர்செய்தபின் புதிய பிரிண்டர் வாங்கும் எண்ணத்தையே கைவிட்ட வீடுகள் பல. அவசரத்தில் இருப்பவர்கள் "ஆஃப்லைன்" பற்றிய கேள்வியையும் அதற்கு அடுத்த கேள்வியையும் முதலில் வாசியுங்கள்.

பிரிண்டர் யூஎஸ்பி கம்பியால் ஒரு கணினியோடு இணைந்திருக்கிறது. அதை வைஃபைக்கு மாற்றுவதில் என்ன பயன்?

வீட்டில் ஒரே ஒரு கணினி, அதில் ஒரே ஒருவர் வேலை செய்கிறார் என்றால் மாற்றவே வேண்டாம். யூஎஸ்பி கம்பியைப் போல் நம்பகமான இணைப்பு வேறில்லை.

ஆனால் நம் வீடுகளின் நிலை அப்படியில்லை. மகளுக்கு உயர்தரப் பரீட்சையின் கடந்தகால வினாத்தாள் வேண்டும். அது வாட்ஸ்அப்பில் அவளுடைய தொலைபேசிக்கு வருகிறது. அப்பாவுக்குப் பிரதேச செயலகத்துக்குக் கொண்டுபோக விண்ணப்பப் படிவம் வேண்டும். அம்மா ஆசிரியை என்றால் ஐம்பது பிள்ளைகளுக்குப் பயிற்சித்தாள் வேண்டும். இவர்கள் எல்லோரும் கோப்பை ஒரு பென் டிரைவில் போட்டுக்கொண்டு அந்த ஒரு கணினிக்கு முன்னால் காத்திருப்பதைத் தவிர்க்கத்தான் வைஃபை. அடையாள அட்டைப் பிரதிக்கும் பிறப்பத்தாட்சிப் பத்திரப் பிரதிக்கும் ஒவ்வொரு முறையும் சந்திக் கடைக்கு ஓடுவதும் குறையும்.

புதிதாக வாங்கப் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

பெட்டியில் வைஃபை என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரே தோற்றமுள்ள இரண்டு மாதிரிகளில் ஒன்றில் வைஃபை இருக்கும், மற்றதில் இராது. விலையில் சிறிய வித்தியாசம்தான். கடைக்காரர் மலிவானதை எடுத்து வைத்திருப்பார். நாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியவரும்.

அடுத்தது, தொலைபேசியிலிருந்து நேராக அச்சிடும் வசதி. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஏர்பிரிண்ட், ஆண்ட்ராய்டுக்கு மோப்ரியா. இந்த இரண்டு பெயர்களும் பெட்டியிலோ விவரத்தாளிலோ இருந்தால் தனியாக மென்பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. பின்புறத்தில் கேபிள் செருகும் ஈதர்நெட் துளையும் இருந்தால் நான் கொஞ்சம் கூடுதல் பணம் கொடுத்தாவது அதை வாங்கச் சொல்வேன். ரவுட்டருக்கு, அதாவது இணையத்தை வீட்டுக்குள் வைஃபையாகப் பரப்பும் பெட்டிக்கு, அருகிலேயே பிரிண்டரை வைக்க முடிந்தால் ஒரு மீட்டர் கேபிளோடு பாதிப் பிரச்சினைகள் தொலைந்துவிடும்.

மைத்தொட்டி பிரிண்டரா லேசரா என்பது அச்சிடும் வழக்கத்தைப் பொறுத்தது. பிள்ளைகளுக்கு வண்ணப்படம் வேண்டும், வாரந்தோறும் ஏதாவது அச்சிடுவோம் என்றால் மைத்தொட்டி. மாதக்கணக்கில் தொடாமல் வைத்திருந்து, தேவை வரும்போது நூறு பக்கம் ஒரேயடியாக அச்சிடுபவர்களுக்குக் கறுப்பு வெள்ளை லேசர். லேசரில் இருப்பது உலர்ந்த தூள். காய்ந்துபோக அதில் ஒன்றுமில்லை. மைத்தொட்டி வகையில் பயன்படுத்தாமல் விட்டால் மை காய்ந்து துவாரங்கள் அடைபடும். வெள்ளிக்கிழமைதோறும் நான்கு வண்ணமும் உள்ள ஒரு பக்கத்தை அச்சிடும் பழக்கம் அந்த அடைப்பைத் தடுக்கும்.

ரவுட்டரை வீட்டில் எங்கே வைப்பது?

இணைப்புக் கொடுக்க வந்தவர் கம்பி உள்ளே நுழைந்த இடத்திலேயே பெட்டியை ஆணியடித்துவிட்டுப் போவார். அது பெரும்பாலும் விறாந்தை ஓரத்துச் சுவர். பாதிச் சிக்னல் முற்றத்துக்கும் வீதிக்கும் போகும். வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, திறந்த இடத்தில் வைப்பதே நல்லது. கம்பியை இன்னும் பத்து மீட்டர் உள்ளே இழுத்துத் தரும்படி அன்றைக்கே கேட்டுவிடுங்கள். பிறகு கேட்டால் வேலை கூடும்.

எதற்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்பது இன்னும் முக்கியம். இரும்பு அலுமாரி, குளிர்சாதனப் பெட்டி, முகம் பார்க்கும் பெரிய கண்ணாடி பதித்த மேசை, இவை அலைகளைத் திருப்பியடிக்கும். தண்ணீர் அவற்றை உறிஞ்சும்; மீன்தொட்டிக்குப் பின்னால் ரவுட்டரை ஒளித்துவைத்த ஒரு வீட்டில் அடுத்த அறையிலேயே சிக்னல் இல்லை. மைக்ரோவேவ் அடுப்பு இயங்குவதும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில்தான் என்பதால் சமையலறையையும் தவிர்க்கலாம்.

பழைய ஓட்டு வீடுகளில் கூரை அதிகம் தடுக்காது, தடித்த சுவர்கள்தான் தடுக்கும். மேல்மாடி எடுத்த புதிய வீடுகளில் கொங்கிறீட் தளமும் அதற்குள் உள்ள இரும்புக் கம்பி வலையும் பெரும் தடை. கீழே வைத்த ரவுட்டர் மேல்மாடிக்கும் போதும் என்று நம்ப வேண்டாம்.

பிரிண்டரின் திரையில் எங்கள் வைஃபை பெயரே தெரியவில்லை. தொலைபேசியில் தெரிகிறதே?

வீட்டுப் பிரிண்டர்கள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் பலவீனமானது. ரவுட்டர் அமைப்பில் 2.4 நிறுத்தப்பட்டிருந்தால் பிரிண்டர் எத்தனை முறை தேடினாலும் கண்டுபிடிக்காது. அதை இயக்கிவிடுங்கள். இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் இருந்து பிரிண்டர் தடுமாறினால், கொஞ்ச நேரத்துக்கு 5-ஐ நிறுத்திவிட்டு பிரிண்டரை இணையுங்கள். பிறகு மீண்டும் இயக்கலாம். பிரிண்டர் 2.4-இலும் தொலைபேசி 5-இலும் இருந்தாலும் ஒரே ரவுட்டர் என்பதால் அச்சாவதில் தடை வராது.

அலைவரிசைக்குள் இருக்கும் உட்பிரிவான சனலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 ஆகிய மூன்று சனல்கள்தான். 12, 13 போன்றவற்றில் ரவுட்டர் ஓடினால், அமெரிக்கச் சந்தைக்காகச் செய்யப்பட்ட சில கருவிகளுக்கு அது கண்ணிலேயே படாது. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த பிரிண்டர் என்றால் இதைச் சந்தேகியுங்கள்.

இன்னொரு காரணம் பாதுகாப்பு முறை. ரவுட்டரில் புதிய முறையான டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தால் பழைய பிரிண்டர்களால் நுழைய முடியாது. டபிள்யூபிஏ2 அல்லது இரண்டும் கலந்த முறை என்று மாற்றுங்கள்.

முதல் நாள் அருமையாக அச்சானது. ஒரு வாரம் கழித்துக் கணினி "ஆஃப்லைன்" என்கிறது. பிரிண்டரை நிறுத்தி இயக்கினால் சிலவேளை சரியாகிறது, சிலவேளை இல்லை. ஏன்?

நான் அதிகம் எதிர்கொண்ட கேள்வி இது. இதைப் புரிந்துகொண்டவர்களுக்கு மற்றவை எல்லாம் எளிது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வைஃபையில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஓர் ஐபி முகவரி கொடுக்கிறது. 192.168.1.7 என்பது போன்ற ஓர் எண். அந்த எண் சொந்தமாகக் கொடுக்கப்படுவதில்லை, வாடகைக்குக் கொடுக்கப்படுகிறது. இன்று பிரிண்டருக்கு 7 கிடைத்திருக்கும். இரவு மின்சாரம் போய் வருகிறது. எல்லாக் கருவிகளும் மறுபடி சேரும்போது தம்பியின் தொலைபேசி முந்திக்கொண்டு 7-ஐ எடுத்துக்கொள்கிறது, பிரிண்டருக்கு 12 கிடைக்கிறது. கணினி மட்டும் பழைய நினைவில் 7-இன் கதவையே தட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே பிரிண்டர் இல்லை. "ஆஃப்லைன்" என்று எழுதுகிறது. வாடகை வீடு மாறியவருக்கு அனுப்பிய கடிதத்தோடு தபால்காரர் பழைய வீட்டுப் படலையில் நின்று மணியடித்துப் பார்ப்பது போலத்தான் இது.

தீர்வு, பிரிண்டருக்கு நிரந்தர முகவரி கொடுப்பது. பிரிண்டரின் பட்டியலில் வலையமைப்பு விவரத்தாளை அச்சிடும் வசதி இருக்கும். திரை இல்லாத பிரிண்டர்களில் குறிப்பிட்ட ஒரு பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் அந்தத் தாள் வரும். அதில் மேக் முகவரி என்று பன்னிரண்டு எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு வரி காணப்படும். அது அந்தக் கருவிக்குப் பிறவியிலேயே வந்த அடையாளம். பிறகு கணினியின் உலாவியில் ரவுட்டரின் எண்ணைத் தட்டுங்கள். அது பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும்; ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் எண்ணும் நுழைவுச்சொல்லும் உண்டு. உள்ளே, முகவரிகளை வழங்கும் டிஎச்சிபி என்ற பகுதியில் "அட்ரஸ் ரிசர்வேஷன்" அல்லது "ஸ்டாட்டிக் லீஸ்" என்று இருப்பதைத் திறந்து, அந்த மேக் முகவரிக்கு 192.168.1.50 போல ஓர் எண்ணை ஒதுக்குங்கள். பிரிண்டரை நிறுத்தி இயக்குங்கள். இனி எத்தனை முறை மின்சாரம் போய் வந்தாலும் அதன் எண் 50-தான்.

சில ரவுட்டர்களில் இந்த வசதி இராது. அப்போது பிரிண்டரின் அமைப்பிலேயே முகவரியைக் கையால் எழுதிவிடலாம். அப்படிச் செய்வதானால் ரவுட்டர் மற்றவர்களுக்கு வழங்கும் எண்களின் எல்லைக்கு வெளியே ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரவுட்டர் 2 முதல் 200 வரை வழங்குகிறது என்றால் நீங்கள் 220 எழுதலாம். எல்லைக்குள் எழுதினால் ஒரே எண்ணை இரண்டு கருவிகள் வைத்துக்கொண்டு மோதும். அந்தச் சிக்கலைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம்.

கடைசியாகக் கணினியில் ஒரு வேலை இருக்கிறது. விண்டோஸ் தானாகப் பிரிண்டரைத் தேடிச் சேர்க்கும்போது "டபிள்யூஎஸ்டி" என்ற வழியைப் பலமுறை தேர்ந்துவிடுகிறது. அது முகவரியை நினைவில் வைக்காமல் ஒவ்வொரு முறையும் கூவி அழைத்துத் தேடும் முறை. பதில் வரத் தாமதமானால் மறுபடியும் "ஆஃப்லைன்". அந்தப் பிரிண்டரை நீக்கிவிட்டு, கையால் சேர்க்கும் வழியில் போய், டிசிபி/ஐபி முகவரி மூலம் என்பதைத் தேர்ந்து, 192.168.1.50 என்று எழுதிச் சேர்த்துவிடுங்கள். இந்த மாற்றத்துக்குப் பிறகு அதே குறைக்காக என்னை இரண்டாவது முறை அழைத்த வீடு அரிது.

எங்கள் தொலைபேசியிலும் பிரிண்டரிலும் வைஃபை சரியாகவே இருக்கிறது. ஆனாலும் தொலைபேசி பிரிண்டரைக் காணவில்லை என்கிறதே?

இருவரும் ஒரே வலையமைப்பில்தான் இருக்கிறார்களா? ஃபைபர் இணைப்போடு வந்த பெட்டியும் ஒரு வைஃபை தருகிறது. அது எட்டவில்லை என்று நீங்கள் கடையில் வாங்கிப் பூட்டிய இரண்டாவது ரவுட்டரும் ஒரு வைஃபை தருகிறது. இரண்டிலும் இணையம் வருவதால் எல்லாம் சரி என்று தோன்றும். ஆனால் அந்த இரண்டாவது ரவுட்டர் தனக்குள் ஒரு தனி உலகத்தை உருவாக்கி வைத்திருக்கிறது. தொலைபேசி பிரிண்டரைத் தேடி எழுப்பும் அழைப்பு தன் வலையமைப்பின் எல்லையைத் தாண்டாது.

இரண்டாவது ரவுட்டரை, முகவரி வழங்காமல் வைஃபையை மட்டும் பரப்பும் அணுகல் புள்ளியாக மாற்றுவதே வழி. அதன் அமைப்பில் "ஆக்சஸ் பாயிண்ட்" என்ற முறை இருந்தால் அதைத் தேர்ந்தால் போதும். இல்லாவிட்டால் அதன் சொந்த எண்ணை, முதல் ரவுட்டர் வழங்கும் எல்லைக்கு வெளியே உள்ள 192.168.1.230 போன்றதாக மாற்றி, டிஎச்சிபியை நிறுத்தி, முதல் ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை இணையம் வருவதற்கான அதன் "வான்" (WAN) துளையில் செருகாமல், வீட்டுக் கருவிகளுக்கான "லான்" (LAN) துளையில் செருகுங்கள். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் வைத்துவிட்டால் வீட்டில் நடமாடும்போது தொலைபேசி தானாக மாறிக்கொள்ளும்.

ஒரே ரவுட்டர் உள்ள வீட்டிலும் இது நடக்கலாம். விருந்தினர் வைஃபையில் சேர்ந்த தொலைபேசிக்கு வீட்டுக் கருவிகள் தெரியாதபடி ரவுட்டரே மறைத்துவிடும். கருவிகளை ஒன்றுக்கொன்று மறைக்கும் "ஏபி ஐசோலேஷன்" என்ற அமைப்பு இயங்கினாலும் அதே கதைதான். பிரிண்டர் தானே "டைரெக்ட்" என்று தொடங்கும் பெயரில் ஒரு சிறிய வைஃபை எழுப்புவதும் உண்டு. தொலைபேசி அதில் சேர்ந்திருந்தால் அச்சாகும், இணையம் போய்விடும்.

இணையம் துண்டிக்கப்பட்டிருக்கும்போது அச்சிட முடியுமா? அச்சிட்டால் டேட்டா குறையுமா?

முடியும். டேட்டா குறையாது. தொலைபேசியிலிருந்து ரவுட்டருக்கும் அங்கிருந்து பிரிண்டருக்கும் போகும் கோப்பு வீட்டைவிட்டு வெளியே போவதே இல்லை. பிரிண்டர் நிறுவனத்தின் இணையச் சேவை வழியாக அச்சிடும் சில செயலிகள் மட்டும் இதற்கு விலக்கு.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டதும் பல தொலைபேசிகள் சொல்லாமல் கொள்ளாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். அப்போது பிரிண்டர் தெரியாது. மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு அச்சிடுங்கள்.

அக்கா வீடும் எங்கள் வீடும் ஒரே வளவில். நடுவில் முப்பது மீட்டர். ஓர் இணைப்பையும் ஒரு பிரிண்டரையும் இரண்டு வீட்டுக்கும் வைத்துக்கொள்ள முடியுமா?

தாயின் வளவில் பெண்பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வீடாகக் கட்டிக் கொடுப்பது மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் தமிழர், முஸ்லிம்கள் இரு சாராரிடமும் உள்ள வழக்கம். அதனால் இந்தக் கேள்வி இங்கே இயல்பாக வருகிறது. அம்மா வீடு, அக்கா வீடு, தங்கச்சி வீடு, நடுவில் ஒரு கிணறு, இரண்டு தென்னை, ஒரு மாமரம். ஆளுக்கொரு பிரிண்டர் வாங்கி மூன்றிலும் மை காய்வதைவிட ஒன்றைப் பகிர்வது நல்லது என்பதே என் எண்ணம். ஆனால் மாதக் கட்டணம் யார் கட்டுவது, மை யார் வாங்குவது என்பதை மச்சான்மார் முதல் நாளே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். அது என் வேலைக்கு அப்பாற்பட்டது.

வேலியோரமாக நெட்வொர்க் கேபிளை இழுத்துவிடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். நூறு மீட்டர் வரை அந்தக் கேபிள் நன்றாக வேலை செய்யும் என்பதும் உண்மை. ஆனாலும் இரண்டு கட்டடங்களுக்கு இடையே வெளியில் செம்புக் கேபிள் இழுப்பதை நான் ஒருபோதும் ஆதரிப்பதில்லை. அருகில் எங்காவது இடி விழுந்தால் இரண்டு வீடுகளின் நிலத்தொடுப்புக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு உண்டாகும். அது அந்தக் கேபிள் வழியாகப் பாய்ந்து இரு பக்கத்துக் கருவிகளையும் எரித்துவிடும். தென்னை உயர்ந்து நிற்கும் வளவில் அந்த ஆபத்து நினைவில் இருக்கட்டும்.

இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று, இரு வீட்டுச் சுவர்களிலும் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு சிறிய வெளிப்புறக் கருவிகளைப் பொருத்தும் வைஃபை பாலம். நடுவில் மரக்கிளை மறைக்காமல் உயரம் பார்த்துப் பூட்ட வேண்டும். மழைக்காலத்தில் நனைந்த இலைகள் அலையைக் கூடுதலாக உறிஞ்சும். மற்றது ஃபைபர் கேபிள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் இடி பற்றிய பயம் அந்தக் கேபிளில் இல்லை. உலோகம் கலக்காத கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். இரு முனையிலும் ஒளியை மின் சிக்னலாக மாற்றும் பெட்டி ஒன்று வேண்டும், செலவு கொஞ்சம் கூடும். மதிலோடு மதிலாக ஒட்டிய வீடுகள் என்றால் இவை எதுவும் வேண்டாம். அடுத்த வீட்டைப் பார்த்த சுவரின் பக்கம் ரவுட்டரை நகர்த்திப் பாருங்கள்.

சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் எக்ஸ்டெண்டர் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே அனுப்புவதால் அது வேகத்தைக் கிட்டத்தட்ட பாதியாக்கிவிடும். அச்சிட அந்த வேகம் போதும். பிள்ளைகள் ஸூம் வகுப்புக்கு அதை நம்பினால் ஏமாற்றம்தான்.

எங்களுடையது பழைய பிரிண்டர், வைஃபையே இல்லை. எறிந்துவிடுவதா?

வேண்டாம். அது இணைந்திருக்கும் கணினியில் பிரிண்டரின் பண்புகளுக்குள் போய்ப் "பகிர்" என்பதை இயக்கினால் வீட்டிலுள்ள மற்றக் கணினிகள் அதைப் பயன்படுத்தலாம். அந்தக் கணினியின் வலையமைப்பு "பிரைவேட்" என்று குறிக்கப்பட்டிருக்க வேண்டும். "பப்ளிக்" என்றிருந்தால் அது தன்னை மறைத்துக்கொள்ளும். அந்தக் கணினி இயங்கும்போது மட்டுமே மற்றவர்கள் அச்சிட முடியும் என்பதுதான் குறை. 2021-க்குப் பிறகு வந்த பாதுகாப்புத் திருத்தங்களால் மற்றக் கணினிகளில் முதல் முறை சேர்க்கும்போது நிர்வாகி அனுமதியும் தேவைப்படும்.

யூஎஸ்பி துளை உள்ள ரவுட்டர்கள் சிலவற்றில் பிரிண்டரை நேரடியாகச் செருகலாம். ஸ்கேனர் சேர்ந்த பிரிண்டர்களில் அச்சு மட்டும் வேலை செய்து ஸ்கேன் வேலை செய்யாமல் போவது உண்டு.

இடி மின்னல் காலத்தில் என்ன செய்வது?

நம் பக்கத்தில் வடகீழ்ப் பருவமழைக்கு முன்னோடியாக ஒக்டோபர், நவம்பரிலும், சித்திரை மாதத்து மாலைகளிலும் இடி பலமாக இருக்கும். வானம் இருண்டு வரும்போதே, முதல் முழக்கம் கேட்பதற்கு முன்பே, ரவுட்டர், பிரிண்டர் இரண்டின் பிளக்கையும் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். ஆளியை மட்டும் நிறுத்துவது போதாது. அதற்குள் உள்ள சில மில்லிமீட்டர் இடைவெளி மின்னலுக்கு ஒரு பொருட்டே இல்லை. முழக்கம் கேட்கத் தொடங்கிய பிறகு பிளக்கையும் கம்பிகளையும் தொட வேண்டாம். அப்போது கருவிகளைவிட உங்கள் கை பெறுமதியானது.

செம்புத் தொலைபேசிக் கம்பியில் இணையம் வரும் வீடுகளில் அந்தக் கம்பியையும் ரவுட்டரிலிருந்து கழற்ற வேண்டும். மின்சாரப் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு நிம்மதியாக இருந்த வீடுகளில் தொலைபேசிக் கம்பி வழியாக வந்த மின்னல் ரவுட்டரையும், கேபிளால் அதோடு இணைந்த கணினியையும் சேர்த்து எரித்ததைப் பார்த்திருக்கிறேன். ஃபைபர் வீடுகளுக்கு இந்த வழி அடைபட்டுவிடுகிறது, மின்சார வழி மட்டும் மிஞ்சும்.

மின்வெட்டின்போது ரவுட்டரை ஓடவைக்கும் சிறிய மின்கலப் பெட்டியான டிசி யூபிஎஸ் நல்ல முதலீடு. ரவுட்டரின் அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட் அளவும் யூபிஎஸ் தரும் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். பல ரவுட்டர்கள் 12 வோல்ட், சில 9 அல்லது 5 வோல்ட். அம்பியர் அளவு சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். லேசர் பிரிண்டரைக் கணினி யூபிஎஸ்ஸில் இணைக்காதீர்கள். தூளை உருக்கித் தாளில் ஒட்டவைக்கும் உருளை சூடாகும் கணத்தில் அது இழுக்கும் மின்சாரம் யூபிஎஸ்ஸைத் தள்ளாடச் செய்துவிடும்.

மழைக்காலத்தில் தாள் அடிக்கடி சிக்கிக்கொள்கிறது.

வாவிக்கும் கடலுக்கும் இடையில் வாழ்கிறோம், காற்றில் ஈரம் எப்போதும் உண்டு. தாள் அதைக் குடித்து, ஓரங்கள் சுருண்டு, இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டு உள்ளே போகும். பிரிண்டரில் இருபது தாள் மட்டும் வையுங்கள். மீதியை அதன் உறையோடு, வாய் இறுக மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். கடற்கரையோர வீடுகளில் கேபிள் முனைகளின் செம்பில் உப்புக்காற்றால் களிம்பு பிடிப்பதும் உண்டு. இணைப்பு விட்டுவிட்டு வந்தால் முனையைக் கழற்றிப் பாருங்கள்.

பாமினியில் தட்டச்சு செய்த கடிதத்தை அடுத்த கணினியிலிருந்து அச்சிட்டால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது. பிரிண்டர் கெட்டுவிட்டதா?

பிரிண்டருக்கு இதில் பங்கே இல்லை. பாமினி எழுத்துருவில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருக்கிறார்கள். கோப்புக்குள் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்து. அந்த எழுத்துரு நிறுவப்படாத கணினி உள்ளதை உள்ளபடி காட்டுகிறது. தட்டச்சு செய்த கணினியிலேயே கோப்பை பிடிஎஃப் ஆகச் சேமித்து, அதை மற்றவர்களுக்கு அனுப்புங்கள். எழுத்துருவும் அதற்குள்ளேயே சேர்ந்து போகும். புதிதாக எழுதுபவற்றை, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடில் எழுதப் பழகினால் தொலைபேசியிலும் படிக்கலாம். பாடசாலைகளிலும் சங்கங்களிலும் பல ஆண்டு ஆவணங்கள் இன்னும் பாமினியில் இருக்கின்றன என்பதால் இந்தக் கேள்வி ஓயவில்லை.

கடவுச்சொல் விஷயத்தில் எவ்வளவு கவனம் வேண்டும்?

டபிள்யூஈபி என்ற பழைய முறை 2001-இலேயே உடைக்கப்பட்டுவிட்டது. எந்தக் கருவிக்காகவும் அதற்குத் திரும்பாதீர்கள். பொத்தானை அழுத்திச் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் வசதியில் எட்டு இலக்கப் பின் முறையும் உண்டு. அது இரண்டு பாதியாகச் சரிபார்க்கப்படுவதால் 11,000 முயற்சிகளுக்குள் உடைக்கலாம் என்பது 2011-இல் வெளிப்பட்டது. பிரிண்டரைச் சேர்க்கப் பொத்தானைப் பயன்படுத்தலாம். சேர்த்து முடிந்ததும் ரவுட்டரில் டபிள்யூபிஎஸ்ஸை நிறுத்திவிடுங்கள்.

ரவுட்டரின் உள்ளே நுழையும் சொல் வேறு, வைஃபை கடவுச்சொல் வேறு. முதலாவதை மாற்றாத வீடுகளே அதிகம். வீட்டில் ரியூஷன் நடத்துபவர்கள் மாணவர்களுக்கு விருந்தினர் வைஃபையைக் கொடுங்கள். அவர்களுக்கு இணையம் கிடைக்கும், உங்கள் பிரிண்டரும் கணினிகளும் தெரியாது.

இணைப்பை வேறு நிறுவனத்துக்கு மாற்றினோம், ரவுட்டரும் மாறிவிட்டது. எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டுமா?

பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். பழைய ரவுட்டரில் இருந்த வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்துப் பிசகாமல் புதியதில் வையுங்கள். தொலைபேசிகள், தொலைக்காட்சி, பிரிண்டர் எல்லாம் பழைய வீட்டுக்கே வந்ததாக நினைத்துத் தாமாகச் சேர்ந்துவிடும். பிரிண்டருக்கு ஒதுக்கிய முகவரியை மட்டும் புதிய ரவுட்டரில் மீண்டும் எழுத வேண்டும். புதிய ரவுட்டர் 192.168.0 என்று தொடங்கும் எண்களை வழங்கினால் அதன் சொந்த எண்ணை 192.168.1.1 என மாற்றிவிட்டு அதே 50-ஐக் கொடுங்கள். கணினிகளில் எதையும் தொடத் தேவையில்லை. பிரிண்டரில் முகவரியைக் கையால் எழுதியிருந்தவர்களுக்கும் இது பொருந்தும். வலையமைப்பு விவரத்தாளை எறிந்துவிடாமல் பிரிண்டரின் அடியில் ஒட்டி வைத்திருந்தால் இந்த வேலை பத்து நிமிடத்தில் முடியும்.